புள்ளிக்கு ஒரு பைட்

பழைய சன் ஸ்பார்க் ஒர்க்ஸ்டேஷன்கள் பலவற்றின் திரை 1152 × 900 புள்ளிகள். ஏன் இந்த விநோதக் கணக்கு? பெருக்கிப் பாருங்கள்: 10,36,800. புள்ளிக்கு ஒரு பைட் வீதம் ஒரு மெகாபைட்டில், அதாவது 10,48,576 பைட்டில், கச்சிதமாக அடங்கிவிடும். மிச்சம் வெறும் 11,776.

அவற்றில் சிலவற்றில் இருந்த சிஜி3 என்ற கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமாகக் கோடு போடத் தெரியாது, கட்டம் நிரப்பவும் தெரியாது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் செய்யும் முக்கிய வேலை, கார்டின் நினைவகத்தை நிரலின் முகவரிப் பரப்போடு இணைத்துவிடுவது. பிறகு எந்தப் புள்ளிக்கும் இடம் கண்டுபிடிப்பது சுலபம்: வரிசை எண்ணை 1152 ஆல் பெருக்கி, நெடுவரிசை எண்ணைக் கூட்டினால் போதும். அங்கே, உதாரணமாக, 37 என்று எழுதினால் திரையில் நிறம் மாறும்.

எந்த நிறம்? அதை 37 சொல்லாது. 256 இடங்கள் கொண்ட நிற அட்டவணையில் 37ஆவது இடத்தில் இருக்கும் சிவப்பு, பச்சை, நீல அளவுகள்தான் சொல்லும். அட்டவணையை டிரைவர்தான் நிரப்புகிறது. ஒரு நிரல் தனக்கென வேறு அட்டவணை கேட்டால் மற்ற ஜன்னல்களெல்லாம் கன்னாபின்னாவென்று நிறம் மாறிவிடும். அந்தக் காலத்து வேடிக்கை!

சிஜி3 கார்டில் மவுஸ் அம்பு இன்னும் பெரும் பாடு. அடியில் உள்ள புள்ளிகளை எடுத்துவைத்து, அம்பை வரைந்து, நகர்ந்ததும் பழையதைத் திரும்பப் போட வேண்டும். சன்னின் இன்னொரு கார்டான சிஜி6இல் அம்புக்கென்றே தனி மின்சுற்று இருந்ததால் அந்தத் தொல்லை இல்லை.