சிறார் குரலும் நடுவர் செவியும்

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் சிறுவர் சிறுமியர் பாடி முடித்ததும் நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுவதும், மேலிருந்து பொன்னிறக் காகிதத் துகள்கள் பொழிவதும் தமிழ் வீடுகளின் வார இறுதிக் காட்சிகளாகிவிட்டன. ஆயினும், அந்தப் பாராட்டு எதை அளந்து வழங்கப்பட்டது என்பது பார்ப்பவர்களுள் பலருக்கு விளங்குவதில்லை. விஜய் தொலைக்காட்சி 2006ஆம் ஆண்டில் தொடங்கிய சூப்பர் சிங்கரும் அதன் ஜூனியர் பிரிவும் கே. எஸ். சித்ரா, மனோ முதலிய பின்னணிப் பாடகர்களை நடுவர் இருக்கையில் அமர்த்தின. ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் போட்டியில் 2023ஆம் ஆண்டு யாழ்ப்பாணச் சிறுமி கில்மிஷா வென்றபோது, கடல் கடந்தும் அந்த வெற்றி கொண்டாடப்பட்டது. இத்தகைய போட்டிகளின் இறுதிச் சுற்றில் நேயர் வாக்குக்கும் இடம் உண்டென்றாலும், அதுவரை பாடகரை வடிகட்டிக் கொண்டுவருவது நடுவரின் செவியே.

இளங்கலைஞரை அவையில் நிறுத்தி மதிப்பிடும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், ஏழாண்டுகள் பயின்ற மாதவி தன் பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அதே காதையில் ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான், குழலோன், யாழாசான் ஆகியோரின் தகுதிகள் ஒவ்வொன்றாக விரித்துரைக்கப்படுவதைக் காணும்போது, ஆடுபவளை அளப்பதற்கு முன் அவளை ஆட்டுவித்தோரையும் அளந்த ஒழுங்கு புலப்படுகிறது. இன்றைய மேடையில் அந்த இரண்டாம் அளவை காணாமற்போய், மதிப்பீட்டின் முழுச் சுமையும் குழந்தையின் மீதே இறங்குகிறது.

நடுவர்கள் கைக்கொள்ளும் அளவுகோல்களைச் சுருதி, லயம், சொற்சுத்தம், பாவம் என நான்காகக் கொள்ளலாம். சுருதி என்பது தம்புராவோ சுருதிப்பெட்டியோ தரும் ஆதார ஒலியோடு பாடுபவரின் குரல் இணைந்து நிற்பது. லயம் என்பது காலக்கணக்கு பிசகாமை. சொற்சுத்தம் என்பது லகர ளகர ழகரங்களும் ஒற்றுகளும் சிதையாமல் ஒலிப்பது. பாவம் என்பது பாட்டின் பொருள் குரலில் ஏறி வருவது. இவற்றுள் சுருதியைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே.

ஒருவர் தமக்கு வசதியாகத் தேர்ந்துகொள்ளும் ஆதார ஒலியின் உயரத்தை இசைக்கலைஞர்கள் ‘கட்டை’ என்பர். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி, முதற்கட்டையை ஒன்று, இரண்டாவதை இரண்டு என்றும், இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்றும் குறிப்பது வழக்கம். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வரையிலும், பெண்களும் குழந்தைகளும் ஐந்தை ஒட்டியும் பாடுவர். வளர்ந்த ஆணின் குரல்நாண்கள் ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளமும், பெண்ணின் குரல்நாண்கள் 12 முதல் 17 மில்லிமீட்டர் நீளமும் உடையவை. குழந்தையின் குரல்நாண்கள் இவற்றினும் குறுகியவை என்பதோடு, அவற்றின் உள்ளடுக்குகள் பருவ வயது முடியும் வரை முழுமை பெறுவதுமில்லை. நுரையீரலின் கொள்ளளவும் சிறிது. ஆதலால், ஆண் பாடகர் ஒருவர் நெஞ்சதிரப் பாடிய பாட்டை அதே கட்டையில் குழந்தை பாட முற்படும்போது, கீழ்ச்சுரங்கள் காற்றாகக் கரைவதும் மேற்சுரங்கள் கத்தலாகக் கிழிவதும் உடலமைப்பின் விளைவே. அதனைச் ‘சுருதி விலகல்’ என்று குறித்து மதிப்பெண்ணைக் குறைப்பது, பாட்டைத் தேர்ந்தவர் செய்த பிழைக்குப் பாடியவரைத் தண்டிப்பதாகும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்களைப் பொறுத்தவரை இந்த மதிப்பீடு இன்னும் கடினம். பருவமாற்றத்தில் ஆண்குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது கீழ்ச் சட்சத்திலிருந்து மேல் சட்சம் வரையுள்ள முழுத் தொலைவு, கீழிறங்குகிறது. போட்டி பல மாதங்கள் நீளுமானால், முதற்சுற்றில் கேட்ட குரலே இறுதிச் சுற்றில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

தமிழ்ச் செவி குழந்தைக் குரலைப் பழகிக்கொண்ட விதமும் இங்குக் கருதத்தக்கது. 1960ஆம் ஆண்டு வெளிவந்த ‘களத்தூர் கண்ணம்மா’ படத்தில் சிறுவன் கமல்ஹாசனுக்காகப் பாடியவர் எம். எஸ். ராஜேஸ்வரி, பின்னாளில் எஸ். ஜானகியும் குழந்தைக் குரலில் பாடிப் பெயர் பெற்றார். ஆக, திரையில் கேட்டுப் பழகிய ‘மழலைக் குரல்’ என்பது பெருமளவுக்கு, மூச்சும் பயிற்சியும் நிறைந்த வளர்ந்த பெண்களின் திறமையால் உருவானது. உண்மையான குழந்தைக் குரல் அதைவிடத் தட்டையாகவும் சற்றே கரகரப்பாகவும் ஒலிக்கும். அதைக் குறையென்று கொள்ளும் நடுவர், தம்மை அறியாமலே ஒரு பழைய இசைத்தட்டோடு குழந்தையை ஒப்பிடுகிறார்.

இதற்கு மாறான ஓர் அளவுகோல் திருவண்ணாமலையில் பலகாலமாக இருந்து வருகிறது. பதினைந்தாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் அருணகிரிநாதர், வல்லாள மகாராசன் கோபுரத்திலிருந்து குதித்தபோது முருகனால் தடுத்தாட்கொள்ளப்பட்டார் என்பது இவ்வூர் வழங்கும் வரலாறு. கம்பத்து இளையனார் சன்னிதியும் கிளிக் கோபுரமும் அவர் கதையோடு பிணைந்தவை. அவருடைய திருப்புகழில் இன்று கிடைப்பவை ஏறத்தாழ 1,300 பாடல்கள். அவற்றின் உயிர்நாடி சந்தம். சந்தம் என்பது குறில், நெடில், வல்லொற்று, மெல்லொற்று ஆகியவை ஒரே ஒழுங்கில் அடிதோறும் திரும்பத் திரும்ப வருவதால் பிறக்கும் ஓசை வாய்பாடு. ‘தத்த’, ‘தந்த’, ‘தய்ய’ போன்ற அசைகளால் அது குறிக்கப்படுவதோடு, அடியின் இறுதியில் ‘தனதான’ என்றாற்போல வரும் பகுதி ‘தொங்கல்’ எனப்படுகிறது. ராகமும் தாளமும் பாடுபவர் விருப்பப்படி அமையலாம். சந்தம் மட்டும் மாறாது.

‘முத்தைத்தரு’ என்று தொடங்கும் பாடலை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 1964ஆம் ஆண்டின் ‘அருணகிரிநாதர்’ படத்தில் டி. எம். சௌந்தரராஜன் தாமே நடித்துப் பாடியதால் இது எளிய மக்களிடமும் பரவி, பள்ளி ஆண்டுவிழா முதல் தொலைக்காட்சி வரை சிறார்கள் விரும்பித் தேர்கின்ற பாடலாயிற்று. இதில் வல்லொற்றுகள் அடுக்கடுக்காக வருவதால், ஒவ்வோர் ஒற்றிலும் வாய் ஒரு கணம் அடைபட்டு ஓசை அறுந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்க இடமோ தொங்கலை அடுத்துத்தான். மூச்சு போதாத பிள்ளை என்ன செய்கிறது? ஒற்றை விழுங்குகிறது, அல்லது குறிலை நெடிலாக இழுக்கிறது. இரண்டிலும் சுருதி சுத்தமாகவே இருக்கக்கூடும்; தாளமும் தப்பாதிருக்கக்கூடும்; சந்தம் மட்டும் உடைந்துவிடும். உச்ச சுரத்தை எட்டியதற்காகக் கைதட்டும் அவை இந்த உடைவைக் கேட்பதே இல்லை. மாறாக, டி. எம். எஸ்ஸின் கம்பீரம் சிறிதும் இன்றித் தன் ஐந்து கட்டையில் மெல்லிய குரலில் ஓர் ஒற்றும் சிதையாமல் பாடி முடிக்கும் சிறுமி, அப்பாடலை அவரளவுக்கே நேர்மையாகப் பாடியவள் ஆவாள். நடுவருக்கு இதைக் காட்டிலும் சிறந்த உரைகல் கிடைப்பது கடினம்.

மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் அருளியதாகக் கூறப்படும் திருவெம்பாவையின் இருபது பாடல்களும் இவ்வகையில் பயன்படத்தக்கவை. கிரிவலப் பாதையில் அடிஅண்ணாமலையில் அவருக்குக் கோயிலும் உண்டு. மார்கழியை ஒட்டி இந்து சமய அறநிலையத் துறை பள்ளி மாணவர்க்கு நடத்தும் திருப்பாவை, திருவெம்பாவை ஒப்புவித்தல் போட்டிகளில் மின்னொளியும் இசைக்குழுவும் இல்லை. சொல்லும் மூச்சும் நினைவாற்றலுமே அங்குத் தீர்ப்புக்கு உள்ளாகின்றன.

பாவத்தைப் பற்றிய மதிப்பீடு வேறொரு சிக்கலை எழுப்புகிறது. பிரிவும் காமமும் தோய்ந்த திரைப்பாட்டை எட்டு வயதுக் குழந்தை ‘உணர்ந்து’ பாடியதாக நடுவர் புகழும்போது, அங்குப் புகழப்படுவது கேட்டதைப் படியெடுக்கும் திறனேயன்றி உணர்வு அன்று. பெரியவர்கள் ஆடிய திரைப்பட அசைவுகளைக் குழந்தைகள் ஆடுவது குறித்து மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை வழங்கிற்று. பாட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

குறையைச் சுட்டும் மொழிக்கும் மரபு ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய ‘சங்கீத ரத்னாகரம்’ பாடுவோரிடம் காணும் குற்றங்கள் இருபத்தைந்தைப் பட்டியலிடுகிறது: பல்லைக் கடித்துப் பாடுதல், அச்சத்தோடு பாடுதல், குரல் நடுங்குதல், மூக்கால் பாடுதல், சொல் விளங்காமை, கண்ணை மூடிக்கொள்ளுதல் முதலியவை அவற்றுள் சில. பட்டியல் கடுமையானதே, எனினும் அதிலுள்ளவை பெரும்பாலும் திருத்தக்கூடிய செயல்கள். ‘உனக்குக் குரல் இல்லை’ என்பது போன்ற கூற்றால் எதையும் திருத்த இயலாது. 2008ஆம் ஆண்டில் வங்காளத் தொலைக்காட்சியின் நடனப் போட்டி ஒன்றில் நடுவர்களின் கடுஞ்சொல்லுக்கு ஆளான கொல்கத்தா மாணவி ஒருவர் பேச்சிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி நாடு முழுவதும் விவாதத்தைக் கிளப்பியது. மருத்துவக் காரணம் எதுவாயினும், நடுவரின் நாவுக்கு எல்லை வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்து வலுத்தது.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகள், குழந்தைக் கலைஞரை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேலும் பணியில் ஈடுபடுத்தக் கூடாதெனவும், வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாக இட வேண்டுமெனவும் கூறுகின்றன. எந்தக் கட்டையில், எந்தப் பாட்டைப் பாடலாம் என்பதைச் சட்டம் சொல்லாது. அது பயிற்றுநரும் பெற்றோரும் நடுவரும் கூடி முடிவுசெய்ய வேண்டியது. கரோக்கியின் கட்டையை ஏற்றியிறக்கும் வசதி இப்போது கைபேசிச் செயலிகளிலேயே கிடைக்கிறது. பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர், பாட்டைத் தேர்வதற்கு முன் பிள்ளையின் கட்டை எதுவென்று பாட்டு ஆசிரியரிடம் கேட்டறிந்து, அதற்கேற்பப் பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும்.