கூரையும் வெளிச்சுவரும்: பொருள் வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஊர் திரும்பி வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: கூரைக்கு ஓடு போடுவதா, சீற்றுப் போடுவதா? சுவருக்கு விரும்பிய நிறம் அடிக்கலாமா? இதற்கெல்லாம் சட்டம் உண்டா?

நிறத்தை முதலில் சொல்லிவிடலாம். கிராமத்து வீட்டுச் சுவரின் நிறத்தைப் பிரதேச சபை பொதுவாகக் கேட்பதில்லை. காலிக் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட பழைய நகரங்களில்தான் வெளித்தோற்றத்துக்கு விதிகள் உண்டு. உங்கள் காணி தொல்பொருள் திணைக்களம் பாதுகாக்கும் கோட்டைக்கோ பழைய கட்டடத்துக்கோ அருகில் இருந்தால் மட்டும், கட்டுமுன் அத்திணைக்களத்திடம் கேளுங்கள்.

வீட்டைக் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். இடிந்த வீட்டை அதே அத்திவாரத்தில் திரும்பக் கட்டினாலும் அது கட்டட வேலைதான். பிரதேச சபையில் வரைபடத்தைக் கொடுத்து அனுமதி பெறுங்கள். வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிச் சுவர் எழுப்ப வேண்டும் என்பதையும் அங்கேயே கேளுங்கள். வீதி அகலிக்கும்போது பழைய முன்சுவர் இருந்த இடம் இன்று பொருந்தாமல் போகலாம். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் உள்ள காணியென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும்.

சட்டத்தைவிடப் பலரை மாட்டிவிடுவது உதவித் திட்டத்தின் நிபந்தனை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் தவணைகளாகத்தான் கொடுக்கப்பட்டன. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து வேலையைப் பார்த்த பிறகே அடுத்த தவணை வரும். ஒப்புக்கொண்ட பொருளை மாற்றினால் பணம் நின்றுவிடலாம். வீட்டைப் பெரிதாக்கி, கூரைக்குக் காசில்லாமல் கடன்பட்ட குடும்பங்கள் வடக்கில் நிறைய. மேசன் "இன்னும் ஓர் அறை போடலாம்" என்றால், கூரைக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இனிக் கூரை. அஸ்பெஸ்ரோஸ் சீற்று மலிவு, மரமும் குறைவாகவே பிடிக்கும். ஆனால் அதை வெட்டும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் நுண்ணிய நார் நெஞ்சுக்குள் தங்கிவிடும். புற்றுநோய் உட்படக் கடும் நோய்கள் வர இருபது, முப்பது வருடங்கள் கூடச் செல்லும். அதனால்தான் பலர் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. நீல அஸ்பெஸ்ரோஸ் இலங்கையில் 1987 இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் போட்ட கூரைகள் இன்னும் இருக்கலாம். வெள்ளை அஸ்பெஸ்ரோசும் ஆபத்தானதே. சில உதவி நிறுவனங்கள் அஸ்பெஸ்ரோஸ் கூரைக்குப் பணம் தருவதில்லை. எனவே சீற்று வாங்குமுன் கேளுங்கள்.

ஷெல் விழுந்த வளவுகளில் உடைந்த சீற்றுத் துண்டுகள் கிடக்கும். அவற்றை நொருக்கி அத்திவாரத்துக்கு நிரப்பாதீர்கள். பிள்ளைகளை எடுத்து விளையாட விடாதீர்கள். காய்ந்தபடி கூட்டவும் வேண்டாம். நன்றாகத் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடும் தரமான முகக்கவசம் போட்டு, உடைக்காமல் பொறுக்கித் தடித்த பொலித்தீனில் கட்டுங்கள். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதைப் பிரதேச சபையிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேளுங்கள். வேலை செய்த உடுப்பை வீட்டுக்குள் உதறாமல் தனியே தோயுங்கள்.

ஓடு போட வசதி இருந்தால் அதுவே நல்லது, வெயிலுக்கும் குளிர்ச்சி. பழைய ஓட்டையும் பயன்படுத்தலாம். தட்டிப் பாருங்கள்: கணீரென்று ஒலித்தால் வைத்துக்கொள்ளுங்கள், மந்தமாக ஒலித்தால் வெடிப்பு இருக்கும். ஓட்டுக்கு மரச்செலவு கூட. சொந்த வளவில் நின்றாலும் பெண்பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. கிராம அலுவலரிடம் சொல்லிப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். மரத்தை ஏற்றிவரவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம். தற்காலிகக் கொட்டிலுக்குக் கிடைத்த தகரத்தை எறிய வேண்டாம்; குசினிக்கோ ஆட்டுக் கொட்டிலுக்கோ உதவும்.

வெளிப்பூச்சுக்குப் பணம் முழுதாக இல்லையென்றால், மாரி மழையும் வாடைக் காற்றும் அடிக்கும் வடகிழக்குப் பக்கச் சுவரை முதலில் பூசுங்கள். பூசாத சீமெந்துக் கல் தண்ணீரை உறிஞ்சும். புதுப்பூச்சு நாலு வாரமாவது காய்ந்த பின்னரே பெயின்ற் அடியுங்கள். அவசரப்பட்டால் அடுத்த மாரியில் உரிந்து விழும். வெள்ளை அல்லது வெளிர் நிறம் சூட்டைக் குறைக்கும். சுண்ணாம்பு அடித்தாலும் போதும்.

பழைய பதுங்குகுழிகளில் பனங்குற்றியும் ஓடும் கிடப்பதைக் கண்டு தோண்டி எடுக்க நினைப்பீர்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட இடமா என்று கிராம அலுவலரிடம் கேட்காமல் அங்கே மண்வெட்டி போட வேண்டாம். ஐயமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து அறிவியுங்கள். மூடிய பதுங்குகுழியின் மேல் அத்திவாரம் போட்டால் மண் இறங்கிச் சுவர் வெடிக்கும். குழி இருந்த இடத்தைத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு முதல் நாளே காட்டுங்கள்.