பரோட்டாவுக்குக் காசு, சால்னா சும்மா: குற்றாலத்தில் மலிவாக வயிறு நிறைவது எப்படி?

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிச் சாரலாக இறங்கத் தொடங்கியதும், குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்கள் போனில் தேடுவது இரண்டே விஷயம்தான். பேரருவியில் தண்ணி விழுதா? பார்டர் பரோட்டா எங்கே கிடைக்கும்? முதல் கேள்விக்கு மழைதான் பதில் சொல்லணும். இரண்டாவதுக்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதிகம் பேசப்படாத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. சீசன் நேரத்தில் ரூம் வாடகை ஏறுகிறது, ஆட்டோ ஏறுகிறது, ஐந்தருவி பக்கத்தில் எண்ணெய் மசாஜும் ஏறுகிறது. ஆனால் ஒரு ஆள் வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தாலும் பரோட்டா கடை பில் மட்டும் கையைக் கடிப்பதில்லை. கடைக்காரருக்கு இது எப்படிக் கட்டுப்படியாகுது?

பதில், நீங்கள் காசு கொடுக்காத பொருளில் இருக்கிறது. அதாவது, சால்னாவில்.

இலைதான் பஃபே

நகரத்து ஹோட்டலில் 'அன்லிமிடெட் பஃபே'க்குப் போனவர்களுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்கும். வாசலிலேயே சூப், அடுத்து சாலட், பெரிய தட்டு நிறைய ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ். கறி இருக்கும் பாத்திரம் கடைசியில், அதுவும் சின்னக் கரண்டியோடு. மலிவான பொருளால் முதலில் வயிற்றை நிரப்பிவிட்டால், விலை கூடின பொருளுக்கு அங்கே இடம் இருக்காது. உலகம் முழுக்க பஃபே ஓடுவது இந்த ஒரே சூத்திரத்தில்தான்.

நம் ஊரில் இதற்கு மேஜையும் மூடி போட்ட பாத்திரமும் தேவைப்படவில்லை. 'அளவுச் சாப்பாடு', 'முழுச் சாப்பாடு' என்று இரண்டு போர்டு மாட்டினால் போதும். முழுச் சாப்பாட்டில் சோறு, சாம்பார், ரசம், மோர் கேட்கக் கேட்க வரும். அப்பளம் ஒன்றுதான், பாயசம் ஒரு கப்புதான். எது திரும்ப வருகிறது, எது வருவதில்லை என்று பார்த்தாலே எது மலிவு, எது விலை என்று புரிந்துவிடும்.

பரோட்டா கடையில் இந்தக் கணக்கு இன்னும் சுருக்கம். திரும்பத் திரும்ப வருவது சால்னா மட்டும். "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றால் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள். ஏன்னா, அந்தக் கரண்டியில் கறி கிடையாது. கறி வெந்த தண்ணீர் இருக்கிறது, எலும்பின் சாறு இருக்கிறது, அரைத்த தேங்காயும் பொரிகடலையும் கொடுத்த கெட்டி இருக்கிறது, சோம்பு, பட்டை, கிராம்பு வாசனை இருக்கிறது. ஒரு அண்டா சால்னாவின் செலவை அத்தனை இலைகளுக்கும் பிரித்துப் பாருங்கள், ஒரு கரண்டிக்குச் சில்லறைதான் வரும்.

அடுத்தது பரோட்டா. பார்டர் கடைப் பரோட்டா சிறிசு, மெலிசு, மெத்தென்று இருக்கும். ஒரு உருண்டை 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ மைதாவில் தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து சுமார் 1,600 கிராம் மாவு கிடைத்தால், 40 பரோட்டா. அதே மாவை 80 கிராம் உருண்டையாக உருட்டினால் 20தான். சின்னப் பரோட்டாவைச் சாப்பிடுகிறவர் "நான் எட்டு சாப்பிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லலாம். அடுக்கடுக்காகப் பிரியும் அந்த பரோட்டா சால்னாவைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். மைதா, எண்ணெய், சூடான குழம்பு மூன்றும் சேர்ந்தால் வயிறு சீக்கிரம் 'போதும்' என்று சொல்லிவிடும்.

லாபம் எங்கே? நாட்டுக்கோழி, பெப்பர் சிக்கன், காடை, பிச்சுப்போட்ட கோழி. பில்லில் கனமான வரிகள் இவைதான். நாலு பேர் போய் ஆளுக்கொரு சைடு டிஷ் சொன்னால் பில் சட்டென்று இரட்டிப்பாகும். நாலு பேருக்கு இரண்டு பிளேட் சொல்லிப் பகிர்ந்துகொண்டால் அதே சாப்பாடு மலிவு. மலிவாகச் சாப்பிட வேறு ரகசியம் எதுவும் இல்லை, அவ்ளோதான்.

எல்லை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது

'பார்டர்' என்றால் கேரள எல்லையில் நின்று சாப்பிடுவதாக நினைத்துப் போகிறவர்கள் உண்டு. இப்போதைய எல்லை செங்கோட்டையைத் தாண்டி, புளியரைக்கு அப்பால் இருக்கிறது. பரோட்டா கடைகளோ தென்காசி–செங்கோட்டைச் சாலையில், பிரானூரில் இருக்கின்றன. செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலப் பிரிவினையில்தான் அது தமிழ்நாட்டுப் பக்கம் (அப்போது மெட்ராஸ் மாநிலம்) வந்தது. அதுவரை எல்லை பிரானூரில் இருந்தது. கோடு மேற்கே நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் கடை போர்டில் தங்கிவிட்டது.

குற்றாலமும் இதே மாதிரி வேறு மாவட்டத்துக்கு நகர்ந்த ஊர்தான். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை இது திருநெல்வேலி மாவட்டம். தண்ணீர் மட்டும் அந்தப் பிரிவினையைக் கண்டுகொள்ளவில்லை. அருவியில் விழுவது சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில்தான் கலக்கிறது.

ஈரானிலும் இதே தட்டு

சென்னையிலும் பெங்களூரிலும் இப்போது 'இரானி டீ' கடை தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. மும்பை, ஹைதராபாத்தின் இரானி கஃபேக்கள் ஈரானிலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கியவை. ஆனால் ஈரானிய மலிவுச் சாப்பாடு என்றால் டீயும் பன்னும் மட்டும் இல்லை. அங்கே உழைப்பாளிகளின் சாப்பாடாக அறியப்பட்ட ஒன்றின் பெயர் ஆப்கோஷ்த். பாரசீகத்தில் 'ஆப்' என்றால் தண்ணீர், 'கோஷ்த்' என்றால் இறைச்சி. தண்ணிக்கறி! கொஞ்சம் ஆட்டுக்கறி, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு போட்டு, 'டிசி' என்ற பானையில் நேரம் எடுத்து வேக வைப்பார்கள்.

சாப்பிடும் முறைதான் விசேஷம். முதலில் சாற்றை மட்டும் கிண்ணத்தில் வடிப்பார்கள். ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து அதில் போட்டு ஊறவிட்டுச் சாப்பிடுவார்கள். பசி பாதி அடங்கின பிறகுதான் மீதியிருக்கும் கறியையும் கடலையையும் மசித்து, இன்னொரு ரொட்டியோடு எடுப்பார்கள். பிரானூரில் இலையில் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, நடுவில் குழி பண்ணி, சால்னா ஊற்றச் சொல்லிக் காத்திருக்கும் ஆளை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஊருக்கும் ஒரே கணக்கு. கறி விலை அதிகம், ஆட்கள் அதிகம், அதனால் கறியின் ருசியைத் தண்ணீரில் இறக்கி ரொட்டியில் ஏற்று. இதை இவர்கள் அவர்களிடம் கற்றார்கள் என்று சொல்ல வரவில்லை. கறி குறைவாகவும் மாவு அதிகமாகவும் இருக்கும் எந்த ஊரும் இங்கேதான் வந்து நிற்கும்.

ஆனால் சொற்கள் அங்கிருந்து வந்தவைதான். பிரியாணி, புலாவ், தந்தூரி, ஃபலூடா, குலாப் ஜாமூனில் இருக்கிற 'குலாப்', பாதாம், பிஸ்தா எல்லாமே பாரசீகம். நெல்லை அல்வாவின் பெயர் அரபி. இந்தச் சொற்கள் தனியாக வரவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆற்காடு நவாப்பின் ஆட்கள் திருநெல்வேலிச் சீமையில் வரி வசூலித்தபோது நிர்வாக மொழி பாரசீகம். தாசில்தார், ஜமாபந்தி, வசூல், கஜானா என்று தாலுகா ஆபீஸில் நாம் இன்றும் சொல்வது அந்த நாட்களின் மிச்சம். அடுப்படிச் சொற்களுக்கு வழிகள் பல. தெற்கே கடலும் ஒன்று.

இதில் ஒரு வேடிக்கை: இஸ்ஃபஹான் நகரத்தில் பிரியாணி கேட்டால் சோறே வராது. ரொட்டி மேல் கொத்துக்கறி வரும். பாரசீகத்தில் அந்தச் சொல்லின் வேருக்கு 'வறுத்தது' என்றுதான் பொருள்.

தாமிரபரணிக்கு ஈரான் அதைவிடப் பழைய பழக்கம். ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்துக்கு, 13ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ், கீஷ் போன்ற பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்தன. வாங்கினவர்கள் பாண்டியர்கள். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த கறியும் போடுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுதிவைத்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வெண்ணெய் சேர்த்த வறுத்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்கள் என்று குறை சொல்கிறார். விருந்தாளிக்கு வயிறு நிறையப் போட்டே கொல்லும் பழக்கம் நமக்கு அப்போதே இருந்திருக்கிறது போல!

மலிவு எங்கே உதைக்கும்?

இவ்வளவு நேரம் பேசியது நியாயமான மலிவு. நியாயமில்லாத மலிவும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதும் அவ்வளவு கஷ்டமில்லை.

முதல் இடம் எண்ணெய்ச் சட்டி. பொரித்த எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சினால் அதில் 'போலார் சேர்மங்கள்' எனப்படும் சிதைவுப் பொருட்கள் சேரும். அவற்றின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கையில் கருவி இருக்காது. ஆனால் கண்ணும் மூக்கும் இருக்கிறதே. எண்ணெய் டிக்காஷன் நிறத்தில் இருந்தால், பொரிக்கும்போது நுரை அடங்காமல் நின்றால், சட்டி லேசாகச் சூடானதுமே புகைந்தால், அந்தக் கடையில் பொரித்த ஐட்டத்தை விட்டுவிட்டு பரோட்டா–சால்னாவோடு எழுந்துவிடுங்கள். அல்லது எழுந்தே விடுங்கள்.

இரண்டாவது, நிறம். மிளகாயும் மஞ்சளும் கொடுக்கும் சிவப்பு கறுத்துப்போன சிவப்பு. விரலில் ஒட்டி, கழுவினாலும் போகாத பளீர் சிவப்பு சாயத்தின் வேலை. கர்நாடக அரசு 2024 ஜூனில் கபாப்களில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது இதனால்தான்.

மூன்றாவது குற்றாலத்துக்கே உரியது. மலையில் மழை வலுத்தால் அருவியில் குளிக்கத் தடை வரும். அது தேவையான தடை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. ஆனால் தடை வந்த அன்றைக்குக் கூட்டம் கரைந்துவிடும். காலையில் மசாலா தடவி வைத்த கோழி அப்படியே இருக்கும். வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் கல்லா நிறையும் கடைக்கு அதைக் கொட்ட மனசு வருமா? பலர் கொட்டுவார்கள். சிலர் மறுநாள் பொரிப்பார்கள். அதனால் தடை நீங்கிய மறுநாள், ஆள் வந்து போய்க்கொண்டே இருக்கிற, அடுப்பு அணையாத கடையாகப் பார்த்து உட்காருவது புத்திசாலித்தனம். கூட்டமான கடையில் இடம் பிடிக்கக் காத்திருப்பது எரிச்சல்தான், ஆனால் அங்கே பொருள் தங்காது.

மலிவில் இன்னொருவர் பங்கும் இருக்கிறது. கல்லுக்கு முன்னால் நின்று மாவை வீசி, மடித்து, சுட்டு, அடுக்கித் தட்டும் மாஸ்டர். சாரலில் நாம் சிலிர்த்துக்கொண்டிருக்கும்போது அவர் அந்த அனலில் மணிக்கணக்காக நிற்கிறார். சீசன் முடிந்தால் அவருக்கு வேலையும் முடிந்துவிடலாம். பரோட்டா விலையில் இரண்டு ரூபாய் ஏறினால் வீடியோ போட்டுத் திட்டுகிறவர்கள் இதையும் ஒரு ஃபிரேமில் காட்டலாம்.

பில் விஷயத்தில் ஒரே ஒரு குறிப்பு. சின்னக் கடைகள் பல ஜிஎஸ்டியில் 'காம்போசிஷன்' திட்டத்தில் இருக்கும். அப்படிப்பட்ட கடை, வரியைத் தன் கையிலிருந்துதான் கட்டணும், உங்களிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. பில்லில் ஜிஎஸ்டி என்று தனி வரி இருந்தால் அதற்கான பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். உணவு சரியில்லை என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க உரிம எண்ணையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் அவர்களுக்கு வேலை சுலபம்.

கடைசியாக, பார்சல். ரூமுக்கு வாங்கிப் போய்ச் சாப்பிடலாம் என்று நினைத்தால் இத்தனை நேரம் போட்ட கணக்கு தலைகீழாகிவிடும். இலையில் எல்லையில்லாமல் வந்த சால்னா, பார்சலில் அளவுச் சாப்பாடு ஆகிவிடும். ஒரு பொட்டலம், அதோடு சரி. கொதிக்கிற குழம்பை பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் கடைகளும் இன்னும் இருக்கின்றன, தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரியிலேயே தடை வந்தும்கூட. வண்டியில் ஒரு தூக்குவாளி போட்டுக்கொண்டு போங்கள். வாளியை நீட்டி "அண்ணாச்சி, பாத்து ஊத்துங்க" என்றால், பொட்டலத்தைவிட ரெண்டு கரண்டி கூடுதலாகவே விழும்.