உங்களுக்குத் தெரியுமா? ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றி 4,989 கி.மீ.!

உலகின் மிக நீளமான அங்கீகாரம் பெற்ற ஓட்டப் பந்தயம் ஊர்விட்டு ஊர் போவதில்லை. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றிய நடைபாதையிலேயே 3,100 மைலையும் ஓடி முடிக்க வேண்டும்.

• ஒரு சுற்று 883 மீட்டர். மொத்தம் 5,649 சுற்று!

• கெடு 52 நாள். காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை ஓடலாம். தினமும் சராசரியாக 96 கி.மீ. தாண்டாவிட்டால் கெடுவுக்குள் முடிக்க முடியாது. தூக்கம், குளியல், கொப்புளத்துக்கு வைத்தியம் எல்லாம் மிச்ச நேரத்தில்தான்.

• ஒரு நாள் வலமாக, மறுநாள் இடமாக. எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் கால் என்னத்துக்கு ஆகும்?

• 1997-இல் ஆன்மிக குரு ஸ்ரீ சின்மோய் தொடங்கிய பந்தயம் இது. பின்லாந்தின் அஷ்பிரிஹனல் ஆல்டோ 2015-இல் 40 நாள் 9 மணி நேரத்தில் முடித்தார்.