ஸ்டியரிங் எண்ணெய் கசிகிறதா? பம்ப்பை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

எங்கள் காருக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவது என் மனைவிதான். ஒருநாள் வீடு திரும்பியவர், "ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்குங்க. ரவுண்டபவுட்ல திருப்ப முடியாம பயந்துட்டேன்" என்றார். கார் நின்ற இடத்தில் தரையெல்லாம் சிவப்பு எண்ணெய். பானெட்டைத் திறந்தால் பவர் ஸ்டியரிங் எண்ணெய் டப்பா காலி.

எண்ணெய் ஊற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பம்ப்பையே மாற்ற வேண்டும், கூலியோடு அறுநூறு வெள்ளி என்றார்கள். மாதக் கடைசி. ஒருநாள் அவகாசம் கேட்டுத் திரும்பினேன்.

வீரா, வாஜா காலத்துக் கார்களில் இஞ்சின் பெல்ட்தான் இந்தப் பம்ப்பைச் சுழற்றுகிறது. பம்ப் தள்ளும் எண்ணெயின் அழுத்தமே சக்கரத்தைத் திருப்ப நமக்குக் கைகொடுக்கிறது. மைவி போன்ற கார்களில் மின்சார ஸ்டியரிங் என்பதால் இந்த எண்ணெய்ப் பிரச்சினை இல்லை. எண்ணெய் குறைந்தால் ஸ்டியரிங் கனப்பதோடு பம்ப்பின் உள்பாகமும் தேய்ந்துவிடும். ஆகவே தினமும் ஊற்றி ஓட்டுவது தீர்வாகாது.

முதலில் நான் ஒரு தவறு செய்தேன். ரப்பர் குழாய் நனைந்திருந்ததால் அதன் கிளிப்பை இறுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் தரை மறுபடியும் சிவப்பு! எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஈரமான இடமெல்லாம் கசியும் இடமல்ல.

பிறகு பம்ப்பைச் சுத்தமாகத் துடைத்துக் காய வைத்தேன். மனைவி இஞ்சினை முடுக்கி ஸ்டியரிங்கை இருபக்கமும் திருப்ப, பெல்ட்டிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெய் வரும் குழாய் பம்ப்போடு சேரும் மூட்டில் ஒரு சிவப்புத் துளி எட்டிப் பார்த்தது.

இஞ்சின் ஆறியதும் டப்பாவில் இருந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்து, மூட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வளையம் தட்டையாகி, பிளாஸ்டிக் போல இறுகிக் கிடந்தது. அதையே உதிரிப்பாகக் கடைக்கு எடுத்துப்போய், அதே அளவில் எண்ணெய் தாங்கும் ரப்பரில் புதியது வாங்கினேன். புது எண்ணெய் தடவிப் பொருத்தினேன். கையேட்டில் சொன்ன ஏ.டி.எஃப். எண்ணெயையே ஊற்றினேன்.

அடுத்து, காற்றை வெளியேற்ற வேண்டும். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜேக்கால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். ஜேக்கை மட்டும் நம்பக்கூடாது. இஞ்சினை முடுக்காமல் ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி இருபது முறை திருப்பி, எண்ணெய் இறங்க இறங்க ஊற்றினேன். பிறகு இஞ்சினை முடுக்கி, நுரை அடங்கும்வரை திருப்பினேன். கோடியில் அப்படியே பிடித்து வைத்தால் பம்ப்புக்குக் கேடு.

மொத்தச் செலவு முப்பது வெள்ளிக்குள்தான். ஆனால், புல்லிக்குப் பின்னாலிருந்தோ அழுத்தக் குழாயிலிருந்தோ கசிந்திருந்தால் நானும் பட்டறைக்கே போயிருப்பேன். சூடான புகைக்குழாயில் இந்த எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கக்கூடும். அதில் விளையாட்டு வேண்டாம். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

தாமானை ஒரு சுற்று சுற்றி வந்த மனைவி, "இப்ப லேசா இருக்கு" என்றார். இருந்தாலும் ஒரு வாரம் காருக்கு அடியில் பழைய நாளிதழை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை.