வாங்கியவன் உடைமையும் விற்றவன் பூட்டும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவனுக்கு அதன்மேல் பூரண பாத்தியதை உண்டென்பது நாகரிக தேசங்கள் யாவும் ஒப்புக்கொண்ட நியாயம். மாட்டை விற்றவன், மூக்கணாங்கயிறு மட்டும் என் கையிலேயே இருக்கும் என்று சொல்வானாகில், சந்தையில் நிற்போர் நகைப்பார்கள். வீட்டைக் கிரயம் செய்து கொடுத்தவன் ஓர் அறையின் சாவியை மட்டும் மடியில் முடிந்துகொண்டு போவானாகில், எந்த நியாயஸ்தலமும் அவனுக்கு அநுகூலமாகத் தீர்ப்பளியாது. ஆனால் நமது காலத்தில், உள்ளே கணிப்பொறி பொருத்திய கருவிகளை வாங்குவோர் யாவரும் இத்தகைய நிபந்தனைக்கு வாய் திறவாமல் உட்பட்டு வருகிறார்கள். கருவி நம்முடையது, அதை நடத்தும் மென்பொருளோ விற்றவனுடையது. அவன் வைத்ததே சட்டம்.

இந்த நிலைமையைச் சில சாமானிய மனிதர்கள் எவ்வாறு மாற்றினார்கள் என்பதற்கு ஒரு சிறு சரித்திரம் உண்டு. அது சட்டைப் பையில் வைத்துப் பாட்டுக் கேட்கும் பழைய பெட்டிகளையும், ராக்பாக்ஸ் என்னும் மென்பொருளையும் பற்றியது. இது அற்ப விஷயமென்று நமது நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். உப்பும் ஒரு காலத்தில் அற்ப விஷயமாகவே எண்ணப்பட்டது.

2000-ம் வருஷத்தின் கடைசியில், பிரான்ஸ் தேசத்து ஆர்க்கோஸ் கம்பெனியார் 6 கிகாபைட் ஹார்ட் டிஸ்க் அடங்கிய ஒரு பாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். பெட்டி நல்லது; அதனுள் கம்பெனியார் வைத்த மென்பொருள் வாங்கியவர்களுக்குத் திருப்தியளிக்கவில்லை. மற்றவர்களாயின் முணுமுணுத்துவிட்டு அடுத்த பெட்டியை வாங்கியிருப்பார்கள். ஸ்வீடன் தேசத்தவர்களான பியர்ன் ஸ்டென்பெர்க், டேனியல் ஸ்டென்பெர்க், லீனுஸ் நீல்சன் ஃபெல்ட்சிங் என்னும் மூவர் அவ்வாறு செய்யவில்லை. 2001-ம் வருஷக் கடைசியில், அப்பெட்டிக்குத் தாங்களே புதிய மென்பொருள் எழுதுவதென்று துணிந்தார்கள்.

மென்பொருளை மனிதர் எழுதும் உருவம் வேறு. யந்திரம் படிக்கும் உருவம் வேறு. முந்தியதற்கு மூல நிரல் என்று பெயர். மூல நிரலையோ உள்ளமைப்பின் விவரங்களையோ இவர்களுக்குத் தந்தவர் எவருமில்லை. ஆயினும் ஒரு வழி இருந்தது. அப்பெட்டி விழித்தெழும்போது, தன் டிஸ்க்கில் மென்பொருள் கோப்பு ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையே ஏற்று நடக்கும். கம்பெனியார் அக்கோப்பின் எழுத்துக்களைக் கலைத்துக் குழப்பி வைத்திருந்தார்கள். அக்குழப்பத்தின் முறையை இவர்கள் கண்டுபிடித்து, அதே முறையில் தங்கள் மென்பொருளையும் அமைத்து, பெட்டியை அதன்படி நடக்கச் செய்தார்கள். உள்ளே இருந்ததோ 12 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒரு சிறு மூளையும், 2 மெகாபைட் நினைவகமுமே. 2002-ம் வருஷத்தில் ராக்பாக்ஸின் முதற் பதிப்பு வெளியாயிற்று.

பின்னர் இவ்வேலை ஐரிவர், ஆப்பிள், தோஷிபா, சான்டிஸ்க் முதலிய கம்பெனிகளின் பெட்டிகளுக்கும் பரவிற்று. பல தேசத்தார் கூலி பெறாமல் இதில் உழைத்தார்கள். அவர்களைப் பிணைத்தது ஜி.பி.எல். என்னும் உரிமப் பத்திரம். அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ம் வருஷத்தில் முதன்முதல் வெளியிட்ட அப்பத்திரத்தின் சாரம் இது: இம்மென்பொருளை எவரும் உபயோகிக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம், ஆனால் திருத்தி வழங்குபவர் மூல நிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்தே வழங்க வேண்டும். சட்டப் பயிற்சியுள்ளோர் இதன் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். தடுப்பதற்கென்று ஏற்பட்ட பதிப்புரிமைச் சட்டமே இங்கே, எவரும் பிறரைத் தடுக்காதபடி காவல் நிற்கிறது.

இதனால் விளைந்த லாபம் என்ன? ஐபாட் பெட்டியை வாங்கியவர், கம்பெனியார் வகுத்தபடி, ஐடியூன்ஸ் என்னும் அவர்களுடைய மென்பொருள் வழியாகவே பாட்டுக்களை அதில் ஏற்ற வேண்டியிருந்தது. ராக்பாக்ஸ் ஏறிய பெட்டியிலோ கோப்புக்களை நேரே எடுத்துப் போட்டால் போதும். அவற்றை உள்ளே வைத்த ஒழுங்கிலேயே திறந்து கேட்கலாம். கம்பெனியார் ஏற்காத ஓக் வோர்பிஸ், ஃபிளாக் முதலிய வடிவங்களும் பாடும். இடையறாது தொடர வேண்டிய இசைப் பதிவில் ஒரு பகுதிக்கும் மறு பகுதிக்கும் நடுவே மௌனம் விழாது. பெரும்பாலான பெட்டிகளில் பழைய மென்பொருளையும் அழிக்காமல் வைத்திருந்து, வேண்டும்போது அதற்கே திரும்பலாம்.

இவையெல்லாம் சௌகரியங்கள். இவற்றினும் மேலான ஒன்றைச் சொல்லவே இதை எழுதப் புகுந்தோம். கண் பார்வையற்ற ஒருவர் கையில் இப்பெட்டி கிடைத்தால் என்ன செய்வார்? சங்கீதம் காதுக்குரியது, ஆனால் அதைத் தேடி எடுக்கும் வழியோ முழுதும் கண்ணுக்குரியதாக அமைக்கப்பட்டிருந்தது. சிறு திரையில் ஓடும் எழுத்தைப் பார்க்க இயலாதவர், பாட்டின் பெயரைப் படித்துச் சொல்லப் பிறருடைய தயவை நாட வேண்டும். ராக்பாக்ஸில் உழைத்தவர்கள் பெட்டிக்குப் பேசும் வாய் கொடுத்தார்கள். பொத்தானை நகர்த்துந்தோறும், எந்த இடத்தில் நிற்கிறோம், எந்தக் கோப்பு, எந்த அமைப்பு என்பதைப் பெட்டியே குரலில் சொல்லும். ஆப்பிள் கம்பெனியார் தங்கள் ஐபாட் நானோவில் பேசும் வசதியை வைத்தது 2008-ம் வருஷத்தில்தான்; அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ராக்பாக்ஸ் பேசிக்கொண்டிருந்தது. கம்பெனியாருக்குப் பணமில்லையா, நிபுணரில்லையா? இரண்டும் இருந்தன. விற்பனைக் கணக்கில் சிலரே ஆனவர்களின் தேவை கடைசியில் நிற்கும். பொருளின் உட்புறம் திறந்திருக்குமிடத்தில், தேவையை உணர்ந்த ஒருவரே எழுந்து அதைச் செய்துவிடலாம். ஸ்வதந்திரத்துக்கும் தர்மப் பிரபுவின் தயவுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

நிற்க. விற்றவர்கள் சும்மா இருந்தார்களா? 2006-ம் வருஷத்து ஐபாட் நானோவிலும், 2007-ம் வருஷத்து ஐபாட் கிளாசிக்கிலும், உள்ளிருக்கும் மென்பொருள் ரகசியக் குறியீட்டால் மூடப்பட்டது. ஆர்க்கோஸின் குழப்பம் தாழ்ப்பாளென்றால், இது இரும்புக் கதவு. கிளாசிக்கில் ராக்பாக்ஸ் ஏறப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று. அதே 2007-ம் வருஷத்தில், ஐபாடின் பாட்டுப் பட்டியலுக்கு ஒரு முத்திரைக் கணக்கைச் சேர்த்து, ஐடியூன்ஸ் அல்லாத பிற மென்பொருள்கள் அப்பட்டியலை எழுத முடியாதபடியும் செய்தார்கள். இம்முத்திரையைப் பற்றிச் சிலர் ப்ளூவிக்கி என்னும் பொதுத் தளத்தில் விவாதித்தார்கள். 2008-ம் வருஷத்தில் ஆப்பிள் கம்பெனியின் வக்கீல்கள், அப்பக்கங்களை எடுத்துவிடும்படி நோட்டீஸ் அனுப்பினார்கள். 2009 ஏப்ரலில் அத்தளத்தார், எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் பவுண்டேஷன் என்னும் சங்கத்தின் துணையுடன் வழக்குத் தொடுத்தார்கள். ஜூலையில் கம்பெனியார் தங்கள் நோட்டீஸை வாபஸ் பெற்றுக்கொண்டார்கள். பூட்டை உடைத்ததற்காக வந்த நோட்டீஸன்று அது. பூட்டைப் பற்றிப் பேசியதற்காக வந்தது. பேச்சின்மேல் கை வைக்கும் அதிகாரம் எத்தகையதென்று நமது தேசத்தாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நோட்டீஸுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, 1998-ம் வருஷத்து அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம். அதன்படி, பதிப்புரிமையுள்ள ஒன்றைக் காக்கும் பூட்டைத் திறப்பதே பெரும்பாலும் குற்றம், விதிவிலக்குகள் குறுகியவை, அவற்றுட் சிலவற்றை மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை மனுச் செய்து கேட்டுப் பெற வேண்டும். நமது இந்தியச் சட்டம் இவ்விஷயத்தில் மேலானதென்று மகிழ்ச்சியுடன் கூறுகிறோம். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கணினி நிரலை நியாயமாக உடையவன் அதன் நடப்பை ஆராய்வதையும், வேறு நிரலோடு அது ஒத்து இயங்குவதற்கு வேண்டிய விவரங்களை அறிவதையும் குற்றமாகக் கருதவில்லை. 2012-ம் வருஷத்தில் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவு, பூட்டைத் திறப்பவன் பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு திறந்தால்தான் தண்டிக்கிறது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்றபடி, சட்டம் அநுமதித்ததைக் கதவு அநுமதிக்க மறுக்குமாயின் சட்டத்தால் பயனென்ன?

விற்பவர் தரப்பில் இரண்டு ஆட்சேபங்கள் சொல்லப்படலாம். பூட்டைத் தளர்த்தினால் பாட்டுத் திருட்டு வளருமென்பது ஒன்று. ராக்பாக்ஸ் பாட்டுக்களின் பூட்டைத் திறப்பதேயில்லை. பூட்டிய பாட்டுக்கள் அதில் பாடவும் மாட்டா. பெட்டியின் முழு விலையையும் பெற்றுக்கொண்ட கம்பெனியாருக்கு இதனால் ஒரு காசும் நஷ்டமில்லை. வாங்கியவன் தன் பெட்டியைக் கெடுத்துக்கொள்வான் என்பது மற்றொன்று. கெடலாம், அது அவன் பெட்டி. தன் வீட்டுச் சுவரை இடித்துக் கட்டுபவனும் நஷ்டத்துக்குத் துணிந்தே இடிக்கிறான். ‘நீ கெடுத்துக்கொள்வாய், ஆதலால் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன்’ என்னும் வாதத்தை இந்தியர்கள் முன்னொரு காலத்தில், இதனினும் பெரிய விஷயத்தில், வெகு நாள் கேட்டிருக்கிறார்கள்.

ஆப்பிள் கம்பெனியார் 2012 செப்டம்பர் வரையில் 35 கோடி ஐபாடுகளை விற்றதாக அறிவித்தார்கள். 2014-ல் கிளாசிக்கை நிறுத்தினார்கள். 2022 மே மாதத்தில் ஐபாட் வமிசமே முடிந்தது. விற்றவருக்கு அப்பெட்டிகளின்மேல் அக்கறை தீர்ந்தது. ஆனால் தேய்ந்த பாட்டரியை மாற்றி, பழுதான டிஸ்க்குக்குப் பதிலாக நினைவட்டையைப் பொருத்தி, ராக்பாக்ஸை ஏற்றி, அவற்றைப் பாட வைப்போர் பல தேசங்களிலும் இருக்கிறார்கள். எல்லாப் பெட்டியும் இவ்வாறு பிழைப்பதில்லை. கதவு திறவாத பெட்டிகள் குப்பைக்கே போகின்றன. ஒரு பெட்டி பிழைப்பதும் சாவதும், அது கெட்டுப்போனதைப் பொறுத்ததன்று, பூட்டைப் பொறுத்தது.

இன்று உழவனுடைய டிராக்டரிலும், நோயாளியின் படுக்கையருகே நிற்கும் யந்திரத்திலும், நம் ஒவ்வொருவர் கையிலுள்ள டெலிபோனிலும் இத்தகைய மென்பொருள் புகுந்திருக்கிறது. பாட்டுப் பெட்டி பூட்டப்பட்டால் பாட்டு நிற்கும்; டிராக்டர் பூட்டப்பட்டால் அறுவடை நிற்கும். 2022 ஜூலையில் இந்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா, பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு கமிட்டியை நியமித்தது. அது நல்ல தொடக்கம். ஆனால் உதிரி உறுப்புக்களையும் கைப்புத்தகங்களையும் பற்றிப் பேசுவதோடு நிற்பது போதாது. ஒரு கருவியைத் தயாரித்தவர் அதைக் கைவிடும் நாளில், அதன் பூட்டைத் திறக்கும் சாவியை வாங்கியவரிடம் ஒப்படைத்தே தீர வேண்டுமென்று சட்டம் வகுக்கப்பட வேண்டும். இதைக் கேட்கும் பொறுப்பு சட்டசபை அங்கத்தினர்களுக்கு மட்டும் உரியதன்று. பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் கடைக்காரனிடம், ‘இதன் சாவி யார் கையில்?’ என்று முதலில் கேட்கட்டும். கலாசாலை மாணவர்கள் கருவியை உபயோகிக்கக் கற்பதோடு நில்லாமல், அதன் உட்புறத்தைத் திறந்து எழுதவும் கற்கட்டும். அநுமதிக்காகக் காத்திராத மூவர் 2 மெகாபைட் பெட்டியில் ஆரம்பித்தார்கள். நம்முடைய வாலிபர்களிடம் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு சக்தியுள்ள யந்திரங்கள் இருக்கின்றன. இனி வேண்டுவது மனவுறுதியே.