பாசிக்குள் பதுங்கும் பாஸ் மீன்! எந்தப் பொய் இரைக்கு மயங்கும்?

மீன் பிடிப்பது பொழுதுபோக்கு என்றுதானே நினைக்கிறீர்கள்? அமெரிக்காவில் அது பந்தயம். குதிரைப் பந்தயம் மாதிரி பணம் புரளும் பந்தயம்!

இதைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. பெயர் ரே ஸ்காட். 1967-ம் ஆண்டு ஜூன் மாதம் ஆர்க்கன்சா மாநிலத்தில் உள்ள பீவர் ஏரியில் போட்டி வைத்தார். ஆளுக்கு 100 டாலர் கட்டணம். 106 பேர் வந்து குவிந்தார்கள்!

பிடிக்க வேண்டியது "பாஸ்" என்ற மீன். பச்சை உடம்பு, அகன்ற வாய். நம்ம ஊர் விரால் மாதிரி பாசிக்குள் பதுங்கி இருக்கும். வாய்க்கு அடங்கிய எது வந்தாலும் "லபக்" என்று விழுங்கி விடும்.

5 மீன்தான்!

எத்தனை பிடித்தாலும் பெரும்பாலான போட்டிகளில் எடைக்கு வைப்பது 5 மீன்தான். எடை கூடியவருக்குப் பரிசு. பெரிய போட்டிகளில் உயிருள்ள புழு, மீன் எதையும் முள்ளில் கோர்க்கக் கூடாது. ரப்பர், மரம், பிளாஸ்டிக்கில் செய்த பொய் இரை மட்டுமே போடலாம்.

அங்கேதான் சிக்கல். பெட்டியில் நூறு பொய் இரை இருக்கும். கையில் இருப்பதோ சில மணி நேரம். தப்பான இரையைப் போட்டால் நாள் போச்சு, கட்டிய பணமும் போச்சு!

இலங்கைப் பாசி

அலபாமா மாநிலத்தில் கண்டர்ஸ்வில் ஏரி இருக்கிறது. டென்னசி ஆற்றில் 1939-ம் ஆண்டு கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி. சுமார் 69 ஆயிரம் ஏக்கர். கோடை வந்தால் பாசி மேலே வந்து பாய் விரித்தது போலப் படர்ந்து விடும்.

அந்தப் பாசிகளில் ஒன்று யார் தெரியுமா? நம்ம ஊர்க் குளங்களில் கிடக்கும் வேலம்பாசி! 1950-களில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போருக்காக இலங்கையில் இருந்து அமெரிக்காவுக்குப் போனது. தொட்டியில் இருந்து தப்பி, ஏரி ஏரியாகப் பரவி விட்டது.

படகு வைத்திருப்பவர்கள் அதைத் திட்டுகிறார்கள். விசிறியில் சுற்றிக் கொள்கிறதே! ஆனால் தூண்டில்காரர்களுக்கு அதுதான் புதையல். வெயிலுக்கு நிழல், ஒளிய இடம், தின்னக் குஞ்சு மீன், எல்லாம் பாசிக்கு அடியில் கிடைப்பதால் பாஸ் அங்கேதான் குடியிருக்கும்.

காலையில் தவளை

பொழுது விடியும் நேரம் தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். மீன் மேலே வரும். அப்போது ரப்பர் தவளை! உள்ளே வெற்றிடம், அதனால் மிதக்கும். இரண்டு முள்ளும் மேல் நோக்கி உடம்போடு ஒட்டி இருக்கும். பாசி மேல் தத்தித் தத்தி இழுத்தாலும் சிக்காது. விராலுக்குத் தவளை போடுகிறவர்களுக்கு இந்தச் சூட்சுமம் புரியும்.

"தடால்" என்று தண்ணீர் வெடிக்கும். உடனே இழுத்தால் கோட்டை விட்டீர்கள்! மீன் வாயில் கவ்வி, கனம் கையில் தெரிந்த பிறகே சுண்ட வேண்டும்.

உச்சி வெயிலில் குண்டு

வெயில் ஏறினால் மீன் அடியில் போய் விடும். தவளைக்கு வேலை இல்லை. 28 முதல் 56 கிராம் வரை டங்ஸ்டன் குண்டு கட்டி, கூடவே சின்ன ரப்பர் நண்டைப் போட வேண்டும். குண்டு பாசிக் கூரையைப் பொத்துக் கொண்டு இறங்கி, மீனின் மூக்கு முன்னால் விழும். சுமார் 30 கிலோ தாங்கும் பின்னல் நரம்பு வேண்டும். மீனோடு ஒரு கூடைப் பாசியும் அல்லவா சேர்ந்து வரும்!

பாசி மெலிந்து, ஆழம் தொடங்கும் ஓரத்தில் ரப்பர் புழு. முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்து வைப்பார்கள். பாசியில் மாட்டாது. மீன் கடித்தால் மட்டும் வெளியே வந்து குத்தும்.

ஆக, இரையைத் தேர்வு செய்வது மனிதன் இல்லை. நேரமும் பாசியும்தான்!

செத்தால் அபராதம்

பிடித்ததோடு முடியவில்லை. மீனை உயிரோடு கொண்டு வர வேண்டும். எடை போட்ட பிறகு திரும்ப ஏரியிலேயே விடுவார்கள். இந்தப் பழக்கத்தை 1972-ல் கொண்டு வந்தவரும் ரே ஸ்காட்தான். செத்த மீனுக்கு 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் கழித்து விடுவார்கள். கோடை வெயிலில் படகுத் தொட்டித் தண்ணீர் சூடாகி விட்டால், கைக்கு வந்த பரிசு வாய்க்கு எட்டாமல் போகும்.

ஒரே ஒரு இரை

கடைசியாக ஒரு விஷயம். 1932-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாயி ஒரு பாஸ் பிடித்தார். எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். சுமார் 10 கிலோ! உலக சாதனை. 2009-ல் ஜப்பானியர் ஒருவர் அதைச் சமன் செய்தார். அவ்வளவுதான்.

பெர்ரியிடம் நூறு பொய் இரையா இருந்தது? அவருக்கும் கூட வந்த நண்பருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று!

சாதனை மீன் என்ன ஆனது என்கிறீர்களா? வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு விட்டார்கள்!